லொரெட்டா வெட்டிய பதினெட்டு அட்டைகள்

டிராய் நகர நூலகத்தில் கழிப்பறை எங்கே என்று கேட்டவர்களுக்கெல்லாம் அந்த மார்ச் மாதம் வழி சொன்னவர் ஃப்ளாய்ட் கெரிகன். நூலகத்தில் அவருக்கு வேலை எதுவும் கிடையாது. கழிப்பறைக்குப் போகும் நடையில் சுவரோரமாக ஆறு கண்ணாடி அலமாரிகள் இருந்தன. அவற்றில் அவருடைய அட்டைகள் இருந்தன. பக்கத்தில் ஒரு மர நாற்காலி போட்டு அவர் உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான்.

இருநூற்று நாற்பது அட்டைகள். 1910 வாக்கில் சிகரெட் பெட்டிக்குள் இலவசமாகப் போட்டுக் கொடுத்த பேஸ்பால் வீரர்களின் வண்ணப் படங்கள். ஒவ்வொன்றும் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. முன்னால் ஒரு வீரர், பின்னால் சிகரெட் விளம்பரம். தபால்காரராக வேலை பார்த்துக்கொண்டே இந்த முழுத் தொகுதியையும் சேர்க்க ஃப்ளாய்டுக்கு முப்பத்தொரு வருஷம் பிடித்தது. கடைசி அட்டை தபாலில் வந்த அன்று அதை யாரிடமாவது காட்டவேண்டும் என்று கையில் வைத்துக்கொண்டு வீடு முழுக்க நடந்தார். மனைவி லொரெட்டா இறந்து அப்போது இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பிறகு அட்டையை மேஜையில் வைத்துவிட்டு டிவியைப் போட்டார்.

நூலகர் பெவர்லி, "காட்சிக்கு வைக்கலாமே, மிஸ்டர் கெரிகன்" என்று கேட்டபோது அவருக்குத் தலைகால் புரியவில்லை. புதுக் கோட்டு வாங்கினார். ஊரே திரண்டு வரும், கேள்வி மேல் கேள்வி கேட்கும் என்று பதில்களைக்கூட யோசித்து வைத்திருந்தார், பாவம். முதல் வாரத்தில் வந்தவர்களில் ஒருவர் ஷூ கயிறு கட்ட அலமாரியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். ஓர் அம்மாள் கண்ணாடியில் பார்த்துத் தொப்பியைச் சரிசெய்துகொண்டாள். மற்றவர்கள் கழிப்பறைக்கு வழி கேட்டார்கள். சாயங்காலம் ஃப்ளாய்ட் வீடு திரும்பும் வழியில் கடையில் நின்றபடியே, விரல் நீளத்துக்கு அந்த ஊரில் செய்யும் குட்டி ஹாட் டாக் ரொட்டி நாலு சாப்பிடுவார். வீட்டுச் சமையலறையில் இரண்டு நாற்காலிகள் இருந்தன. ஒன்றில் உட்கார்ந்தால் மற்றது எதிரில் இருக்கும். அவர் தனியாக இருந்தார், அது அவருக்குத் தாங்கவில்லை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை.

ஐந்தாவது அலமாரியில் மட்டும் கீழ்த்தட்டில் பதினெட்டு அட்டைகள் தனியாக இருந்தன. அவற்றுக்கு முன்னால் தட்டச்சு செய்த ஒரு சீட்டு: "இந்தப் பதினெட்டும் பிற்காலத்தில் ஓரம் வெட்டப்பட்டவை." பழைய அட்டை சேர்ப்பவர்களிடம் ஒரு ஒழுங்கு உண்டு. மடங்கியிருக்கலாம், கறை பட்டிருக்கலாம், நாய் கடித்ததாகக்கூட இருக்கலாம். ஆனால் ஓரம் வெட்டிய அட்டை தீண்டத்தகாதது. அதை மறைத்து வைப்பவர் அதைவிட மோசம். ஃப்ளாய்ட் நாணயமான மனிதர். கழிப்பறைக்குப் போகிறவர்களிடம்கூட அவர் எதையும் மறைக்கவில்லை.

வெட்டியது யார் என்று சீட்டில் இல்லை. அதுதான் அட்டை சேர்க்கும் வட்டாரம் முழுக்கத் தெரிந்த கதை ஆயிற்றே.

1974இல் ஃப்ளாய்டுக்கும் லொரெட்டாவுக்கும் கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம். அப்போது ஃப்ளாய்டிடம் தொண்ணூற்றாறு அட்டைகள், ஷூ பெட்டிகளில் இருந்தன. லொரெட்டா சட்டைக் காலர் தொழிற்சாலையில் துணி வெட்டுகிறவள். பன்னிரண்டு மடிப்புத் துணியை ஒரே வெட்டில், நூல் பிசகாமல் வெட்டுவாள். அவள் அவருக்குத் தெரியாமல் ஒரு மாதம் வீட்டின் அடித்தள அறையில் உட்கார்ந்து ஒரு சட்டம் செய்தாள். கெட்டியான அட்டைப் பலகையில் தொண்ணூற்றாறு குழிகள். ஒவ்வொரு குழியிலும் ஓர் அட்டை சிக்கென்று உட்காரும். மேலே இழுத்துத் திறக்கும் கண்ணாடி. கல்யாண நாளன்று அட்டைகளைக் குழிகளில் அடுக்கி, அதைச் சமையலறை மேஜைமேல் வைத்துத் துண்டால் மூடி, அவர் வேலை முடிந்து வரக் காத்திருந்தாள்.

ஃப்ளாய்ட் துண்டை எடுத்தார். முதல் நொடி அவர் முகம் மலர்ந்ததை அவள் பார்த்திருக்கவேண்டும். அடுத்த நொடி அவர் கண் ஐந்தாவது வரிசைக்குப் போயிற்று. பெட்டியில் அடுக்கியிருந்தபோது தெரியாதது, வரிசையாக நிறுத்தியதும் தெரிந்தது. அந்த வரிசையிலும் அடுத்ததிலும் பதினெட்டு அட்டைகள் மற்றவற்றைவிட ஒல்லியாக இருந்தன. ஒரு வீசம்தான், ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு. அட்டை சேர்ப்பவன் கண்ணுக்கு அது போதும்.

"என்ன பண்ணி வச்சிருக்க லொரெட்டா?"

"ஏன், பிடிக்கலயா?"

"இந்த ரெண்டு வரிசை ஒல்லியா இருக்கே. அட்டைய வெட்டிட்டியா?"

"அட்டைய நான் எதுக்கு வெட்டப்போறேன்? போர்டத்தான் வெட்டினேன்."

"குழி சின்னதாப் போயிருச்சு. அதுக்கு ஏத்த மாதிரி அட்டையக் கத்தரிச்சிட்ட. பண்ணினத ஒத்துக்கயேன்!"

"ஃப்ளாய்ட், இருபத்திரண்டு வருஷமா வெட்டிட்டிருக்கேன். எனக்குக் குழி சின்னதாப் போகுமா? திருப்பிப் பாரு."

"என்னத்தத் திருப்பிப் பாக்கறது? அதான் கண்ணு முன்னாடி தெரியுதே!"

கண்ணாடியை மேலே இழுத்து, நகத்தால் நெம்பி, தொண்ணூற்றாறு அட்டைகளையும் அங்கேயே நின்றபடி எடுத்தார். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அடுப்பில் இருந்த கோழி கருகுகிற வாசனை வந்தபோதுதான் எழுந்து போனாள். சட்டத்தைத் தானே அடித்தளத்துக்குத் தூக்கிக்கொண்டு போய் வைத்தாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவருடைய அட்டை அறைக்குள்ளும் போகவில்லை. சாகும்வரை, பதினேழு வருஷம், அவள் கையிலிருந்த வாக்குவம் கிளீனர் அந்த அறை வாசலோடு நின்றுவிடும். மற்றபடி பேசினார்கள், சிரித்தார்கள், சேர்ந்து சாப்பிட்டார்கள். ஃப்ளாய்ட் தாம் பெரிய மனசோடு அவளை மன்னித்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தார். இந்த ஆண்களை என்ன சொல்வது.

மன்னித்தவர் வாயை மூடிக்கொண்டாவது இருந்திருக்கலாம். அட்டை நண்பர்கள் எல்லோருக்கும் கடிதம் எழுதினார்: என் மனைவி கத்தரியை எடுத்துவிட்டாள், உங்கள் வீட்டிலும் ஜாக்கிரதை. சிராக்யூஸ் முதல் பாஸ்டன் வரை சிரித்தார்கள். ஓரம் வெட்டின அட்டைக்கு அந்த வட்டாரத்தில் பெயரே 'லொரெட்டா' என்று ஆகிப்போனது. ஒரு தடவை அவள் போனை எடுத்தபோது மறுமுனையில் யாரோ, "அட, அந்த லொரெட்டாவா?" என்று கேட்டுச் சிரித்தான். அவள் ரிசீவரை மேஜைமேல் வைத்துவிட்டு, "ஃப்ளாய்ட், உனக்குத்தான்" என்றாள். அதிலிருந்து அந்த வீட்டில் போன் அடித்தால் அவள் எடுப்பதில்லை.

காட்சி தொடங்கிப் பதினோராம் நாள், வியாழக்கிழமை, ஒருவர் கழிப்பறைக்கு வழி கேட்காமல் வந்தார். பெரிய உடம்பு, ஷூவெல்லாம் பனிச்சேறு. யூட்டிக்காவிலிருந்து ஸ்டான்லி வொய்சிக். முப்பது வருஷக் கடிதப் பழக்கம். நேரில் பார்ப்பது அன்றுதான்.

"யோவ் கெரிகன்! உனக்கு ஸ்டாம்பு ஒட்டி ஒட்டி என் நாக்கே தேஞ்சு போச்சு!"

"வொய்சிக்கா? நேர்ல ரொம்ப குண்டா இருக்கியேய்யா."

"கடுதாசில ஒல்லியாத்தான் இருந்தேன். எங்க, காட்டு உன் சொத்த."

ஃப்ளாய்ட் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. முதல் நாலு அலமாரிகளுக்கு முன்னால் அவர்கள் ஒரு மணி நேரம் நின்றார்கள். ஃப்ளாய்ட் யோசித்து வைத்திருந்த பதில்கள் அத்தனைக்கும் கேள்வி வந்தது. ஒவ்வோர் அட்டையையும் எந்த வீட்டுப் பரணில், எந்த மழைநாளில் பிடித்தார் என்று சொன்னார். பெவர்லி இரண்டு தடவை வந்து விரலை உதட்டில் வைத்துவிட்டுப் போனாள். இத்தனை நாளில் அவர் சத்தமாகச் சிரித்தது அன்றுதான்.

ஐந்தாவது அலமாரிக்கு முன்னால் ஸ்டான்லி குனிந்து சீட்டைப் படித்துவிட்டுத் தொடையைத் தட்டினார்.

"இதுதானா அது! ஒரிஜினல் லொரெட்டா! போன வாரம்கூட ஒருத்தன் எங்கிட்ட ஒண்ணத் தள்ளப் பாத்தான். ஸ்கேல வச்சுப் பாத்தேன். 'இது லொரெட்டா ஆயிருச்சுப்பா, வேற ஆளப் பாரு'ன்னேன்."

ஃப்ளாய்டும் சிரித்தார். பழக்கம்.

"பின்னாடி என்ன கம்பெனி?" என்றார் ஸ்டான்லி. அட்டை சேர்ப்பவர்களின் முதல் கேள்வியே அதுதான். ஒரே வீரரின் படம் பத்துச் சிகரெட்டுகளில் வந்திருக்கும். எது அரிது, எது சாதாரணம் என்பதைப் பின்பக்கம்தான் சொல்லும். முகத்தைப் பார்த்து மயங்குகிறவன் கற்றுக்குட்டி.

"ரெட் மில்."

"எத்தன?"

"பதினெட்டும். கோஹோஸ்ல ஒரு பார்பர் வீட்ல மொத்தமா வாங்கினது. அவ அந்தப் பெட்டியிலதான் கத்தரிய வச்சிருக்கா."

ஸ்டான்லியின் சிரிப்பு நின்றது. "திற."

"என்ன?"

"அலமாரியத் திறய்யா."

ஃப்ளாய்ட் சாவி போட்டுத் திறந்தார். ஸ்டான்லி ஓர் அட்டையை ஓரத்தில் பிடித்து எடுத்து, மூக்குக்கு நேரே சாய்த்துப் பார்த்தார். கோட்டின் உள்பையிலிருந்து பிளாஸ்டிக் உறையில் இருந்த தம்முடைய அட்டை ஒன்றை எடுத்தார். அதன் பின்னாலும் அதே ரெட் மில்லின் சிவப்பு ஆலைப் படம். இரண்டையும் முதுகோடு முதுகாகச் சேர்த்து அலமாரியின் விளிம்பில் நிறுத்தினார். இரண்டின் அளவும் அச்சாக ஒத்துப்போனது.

"இது வெட்டினது இல்ல, ஃப்ளாய்ட்."

"உன்னோடதும் வெட்டினதா இருக்கும்."

"பாஸ்டன்ல ஒரு ஆளு நானூறு ரெட் மில்ல அளந்து பாத்து நம்ம அட்டை நியூஸ்லெட்டர்ல எழுதினாரே. எல்லாமே ஒரு வீசம் கம்மி. அவங்க சிகரெட் பெட்டி ஒல்லிப் பெட்டி. அதுக்குள்ள போறதுக்கு ஆலையிலயே அப்படித்தான் அடிச்சிருக்கான். பத்து வருஷமா எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயமாச்சே. நீ படிக்கலியா?"

பத்து வருஷத்துக்கு முன்னால்தான் லொரெட்டாவுக்கு முதல் ஆபரேஷன். அந்த வருஷம் ஃப்ளாய்ட் நியூஸ்லெட்டர் வாங்குவதை நிறுத்தியிருந்தார்.

ஸ்டான்லி தம் ஷூவைப் பார்த்தார். "அப்ப நாம இத்தன வருஷமா அவங்க பேர…"

"நீ ஒண்ணும் பண்ணல. நான் எழுதினேன். நீங்க படிச்சீங்க."

"யாராருக்கு எழுதின?"

"எல்லாருக்கும்."

ஸ்டான்லி காப்பி சாப்பிடலாம் என்று கூப்பிட்டார். ஃப்ளாய்ட் வேண்டாம் என்றார். பதினெட்டு அட்டைகளையும் ஓர் உறையில் போட்டு மார்போடு பிடித்துக்கொண்டு, கோட்டுப் பொத்தான்கூடப் போடாமல், பகல் இரண்டு மணிக்கு வீட்டுக்கு நடந்தார்.

அடித்தளத்தில் பெயிண்ட் டப்பாக்களுக்குப் பின்னால், முதுகைச் சுவரில் சாய்த்தபடி, சட்டம் அவள் வைத்த இடத்திலேயே இருந்தது. வீட்டைச் சூடாக்கும் கொதிகலனைப் பார்க்கக் கீழே போகும்போதெல்லாம் அவர் அதைப் பார்த்திருக்கிறார். முன்பக்கத்தை மட்டும். மேலே கொண்டுவந்து சமையலறை மேஜையில் படுக்க வைத்துத் துடைத்தார். கண்ணாடியை இழுத்தார். ஒல்லிக் குழி ஒன்றில் ஓர் அட்டையை வைத்து விரலால் அழுத்தினார். சிக்கென்று உட்கார்ந்தது. நாலு பக்கமும் மயிரிழை இடைவெளி இல்லை. இரண்டாவது, மூன்றாவது. பதினெட்டும் உட்கார்ந்தன. குழிக்கு ஏற்ப அட்டையை வெட்டவில்லை, அட்டைக்கு ஏற்பக் குழியை வெட்டியிருக்கிறாள். அப்படியும் மனசு ஓர் ஓரத்தில் வாதம் செய்தது. அவள் அட்டையை வெட்டியிருந்தாலும் இப்படித்தானே உட்காரும் என்றது. பழைய பிடிவாதம் அவ்வளவு சீக்கிரம் போகாது.

அப்போதுதான் 'திருப்பிப் பாரு' என்று அவள் அன்று சொன்னது நினைவுக்கு வந்தது. கண்ணாடியை மூடிவிட்டுச் சட்டத்தைத் திருப்பினார்.

பின்பக்கம் முழுக்க ஒரு பழுப்புத் தாளை ஒட்டியிருந்தாள். தொழிற்சாலையில் துணியில் கத்தி வைப்பதற்கு முன்னால் வரைகிற மாதிரித் தாள். தொண்ணூற்றாறு கட்டங்கள், பென்சிலில். ஒவ்வொன்றுக்குள்ளும் வீரரின் பெயர், அகலம், உயரம், சின்னச் சின்ன எழுத்தில். மூலையில் தேதி இருந்தது, கல்யாண நாளுக்கு நாலு வாரம் முன்னால். ஒரு குழிகூட வெட்டுவதற்கு முன்னால் அவள் தொண்ணூற்றாறு அட்டைகளையும் ஒவ்வொன்றாக அளந்திருக்கிறாள். ஃப்ளாய்ட் அதுவரை ஒன்றைக்கூட அளந்ததில்லை. ஐந்தாம் வரிசையில் முதல் கட்டத்துக்குள், "ஒரு வீசம் கம்மி. மறுபடி அளந்தேன். கம்மிதான்." அடுத்ததில், "இதுவும்." அதற்கடுத்ததில், "இதுவும்." பதினெட்டாவது கட்டத்துக்குக் கீழே ஒரு கோடு போட்டு எழுதியிருந்தாள்: "இந்தப் பெட்டியில் இருப்பதெல்லாம் ஒல்லி. ஏன்? கொடுத்த பிறகு ஃப்ளாய்டிடம் கேட்கணும், அவருக்குத் தெரிந்திருக்கும்."

இருநூற்று நாற்பது அட்டைகளில் ஒன்றைக்கூட அவர் பின்பக்கம் பார்க்காமல் வாங்கியதில்லை.

"லொரெட்டா" என்றார் வாய்விட்டு. பக்கத்து அறையில் டிவி, நாளைக்கும் பனி பெய்யும் என்றது. எதிர் நாற்காலி காலியாக இருந்தது. மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதார். எழுபத்தொரு வயசில் அப்படி அழுவது உடம்புக்கு ஆகாது. யாராவது பக்கத்தில் இருந்திருந்தால் நிறுத்தச் சொல்லியிருப்பார்கள்.

மறுநாள் காலை சட்டத்தைப் போர்வையில் சுற்றி நூலகத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார். ஐந்தாவது அலமாரியிலிருந்த மற்ற அட்டைகளையும் தட்டுகளையும் எடுத்துவிட்டு அதை உள்ளே நிறுத்தினார். பெவர்லி வந்து பார்த்தாள்.

"மிஸ்டர் கெரிகன், முன்பின்னா வச்சிட்டீங்களே. படமெல்லாம் சுவரப் பாத்து இருக்கு."

"தெரியும்மா. சரியாத்தான் வச்சிருக்கேன்."

"அட்டை யாருக்கும் தெரியாதே?"

"பரவால்ல. தெரிஞ்சப்போ மட்டும் யாரு பாத்தா?"

புதுச் சீட்டு ஒன்று கையால் எழுதி வைத்தார்: "அளவு எடுத்துச் சட்டம் செய்தவர் லொரெட்டா கெரிகன், 1974. இந்தப் பதினெட்டு அட்டைகளையும் யாரும் வெட்டவில்லை. வெட்டியதாகச் சொன்னவன் நான்." இதையே முப்பது கடிதங்களில் எழுதி, வரும் வழியில் தபால் பெட்டியில் போட்டிருந்தார். அந்த முப்பது பேரில் எத்தனை பேர் இன்னும் இருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாது. பாதி திரும்பி வரும் என்று அவருக்குள் இருந்த தபால்காரருக்குத் தெரியும்.

பதினொரு மணிக்கு ஒரு பெண் வந்தாள். நாற்பது வயசு இருக்கும், பனி பூட்ஸ், தோளில் பெரிய பை.

"பாத்ரூம் எங்கங்க?"

கையைக் காட்டினார். திரும்பி வரும்போது அவள் ஈரக் கையைக் கோட்டில் துடைத்துக்கொண்டே ஐந்தாவது அலமாரிக்கு முன்னால் நின்றாள்.

"இது கட்டிங் பேட்டர்ன்தானே? எங்கம்மா காலர் ஃபாக்டரில இருந்தாங்க. இப்படித்தான் பழுப்புத் தாள்ல போடுவாங்க." கண்ணாடிக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனாள். "அப்பப்பா, எவ்வளவு சுத்தமான வேலை! இங்க ஏதோ எழுதியிருக்கே. 'ஃப்ளாய்டிடம் கேட்கணும்.' யாருங்க ஃப்ளாய்ட்?"

"நான்தான்."

"அப்படியா! கேட்டாங்களா?"

ஃப்ளாய்ட் எழுந்து நின்றார்.

"இல்லம்மா. நான் கேக்க விடல."

அவள் அவரைப் பார்த்தாள். தலையை ஆட்டிவிட்டுப் பையைச் சரிசெய்துகொண்டு போனாள். ஃப்ளாய்ட் நாற்காலியை அலமாரிக்கு நேராகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, முதல் கட்டத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார்.